சாவி கொடுக்கும் மணிக்கூடுகளின் கதை

யாழ்ப்பாணத்தில் கைக்கடிகாரத்தை நாங்கள் மணிக்கூடு என்றே சொல்வோம். சுவரில் தொங்குவதும் மணிக்கூடு, கையில் கட்டுவதும் மணிக்கூடு. எனது மேசை லாச்சியில் இன்று பதினொரு மணிக்கூடுகள் உள்ளன. அவற்றுள் எதுவும் பெருவிலைக்குரியது அல்ல. என்னைச் சேகரிப்பாளர் என்று அழைத்துக்கொள்ளவும் எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

அண்மையில் கனடாவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். காலஞ்சென்ற தமது தந்தையாரின் பொருட்களுக்கிடையே பழைய ஸ்விஸ் மணிக்கூடு ஒன்று அகப்பட்டதாகவும், முகப்பு மங்கிப்போயிருப்பதால் அதனைப் புதிதுபோல் ஆக்கித் தம் மகனுக்குக் கொடுக்க விரும்புவதாகவும் சொன்னார். "புதிதாக்கலாமா?" என்பதே அவரது கேள்வி. "வேண்டாம்" என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்பதைத் தொலைபேசியில் விளக்க முடியவில்லை. அந்த விளக்கமே இக்கட்டுரை.

சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு

ஆண்கள் கையில் மணிக்கூடு கட்டுவது நூறாண்டுகளைச் சற்றே கடந்த பழக்கந்தான். அதற்கு முன்னர் கைக்கடிகாரம் பெண்களின் ஆபரணமாகவே கருதப்பட்டது. ஆண்கள் சங்கிலி பூட்டிய கடிகாரத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தனர். 1904 இல் பாரிஸ் நகரின் லூயி கார்ட்டியே, விமானியான அல்பேர்ட்டோ சாந்தோஸ் துய்மோனுக்காக, பறக்கும்போது பையில் கைவிடாமல் நேரம் பார்ப்பதற்கென ஒரு கைக்கடிகாரத்தைச் செய்தளித்தார். ஆயினும் இப்பழக்கத்தைப் பொதுவாக்கியது முதலாம் உலகப் போரே. குறித்த விநாடியில் பீரங்கிகள் முழங்க, குறித்த விநாடியில் காலாட்படை பதுங்குகுழியை விட்டு எழவேண்டியிருந்தது. ஒரு கையில் ஆயுதத்தை வைத்திருப்பவன் மறுகையால் சட்டைப்பையைத் துழாவ முடியாது. போர் முடிந்து திரும்பியவர்களின் கைகளில் மணிக்கூடும் வீடு வந்து சேர்ந்தது.

அம்மணிக்கூட்டின் உள்ளே இருப்பது எளிய தத்துவந்தான். சாவி கொடுக்கும்போது ஒரு சுருள்வில் இறுகுகிறது. அது மெல்ல மெல்லத் தளரும் விசை பற்சக்கரங்கள் வழியே சென்று சமநிலைச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. பழைய மணிக்கூடுகள் பெரும்பாலும் மணிக்கு 18,000 துடிப்புகள் துடிப்பவை. அதாவது விநாடிக்கு ஐந்து, ஒரு நாளைக்கு 4,32,000. ஒரு நாளில் 30 விநாடிகள் பிசகும் மணிக்கூட்டை நாம் குறை சொல்கிறோம். ஆனால் 86,400 விநாடிகளில் 30 என்பது 0.04 வீதத்துக்கும் குறைவான பிசகு. மின்சாரமோ பற்றரியோ இன்றி, உலோகமும் சில செயற்கை மாணிக்கக் கற்களும் செய்யும் வேலை இது.

அப்பாவின் ரோமர்

எனது தந்தையார் ஆசிரியர். 1964 இல் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ரோமர் மணிக்கூட்டை வாங்கினார். ரோமர், சுவிற்சர்லாந்தின் சொலத்தூர்ன் நகரில் 1888 இல் தொடங்கிய நிறுவனம். தனது இயந்திரங்களைத் தானே செய்துகொண்டது. மத்தியதர வர்க்கத்தினர் ஓரளவு முயன்றால் வாங்கக்கூடிய விலையில் விற்றது. 17 கற்கள் கொண்டது என்பதை அப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார்.

1970 முதல் 1977 வரை வெளிநாட்டுப் பொருட்களின் இறக்குமதி இலங்கையில் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அக்காலத்தில் மணிக்கூடு பழுதானால் இன்னொன்று வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. திருத்துவதே வழி. கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு, சிறிய கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்திருக்கும் மனிதர் ஒவ்வொரு பட்டினத்திலும் இருந்தார். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் திரும்பும்போது வானொலிப்பெட்டியோடு சீக்கோ 5 மணிக்கூட்டையும் கொண்டுவந்தார்கள். 1963 இல் ஜப்பானில் அறிமுகமான அந்த வகைக்குச் சாவி கொடுக்கத் தேவையில்லை, கையின் அசைவிலேயே ஓடும். கிழமையும் திகதியும் ஒரே சாளரத்தில் தெரியும். எங்கள் தலைமுறையின் கனவு அதுவாகவே இருந்தது.

பளிங்கு வென்ற காலம்

இதே காலத்தில் மணிக்கூட்டு உலகம் தலைகீழாகிக் கொண்டிருந்தது. 1969 டிசம்பர் 25 ஆம் திகதி சீக்கோ நிறுவனம் டோக்கியோவில் அஸ்ட்ரோன் என்ற மணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. மின்சாரத்தால் அதிரும் குவாட்ஸ் பளிங்கைக் கொண்டு நேரம் காட்டிய உலகின் முதலாவது விற்பனைக் கைக்கடிகாரம் அதுவே. அன்றைய விலை 4,50,000 யென், ஒரு சிறிய காரின் விலை. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அதே தொழில்நுட்பம் கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்தது. மாதத்துக்குச் சில விநாடிகளே பிசகும் பொருளோடு, நாளுக்குச் சில விநாடிகள் பிசகும் பொருள் எவ்வாறு போட்டியிடும்? 1970 இல் சுவிற்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்தனர். 1980களின் நடுப்பகுதியில் அத்தொகை 30,000 பேரளவுக்குக் குறைந்தது. 1983 இல் வெறும் 51 பாகங்களோடு வந்த ஸ்வாட்ச் என்ற பிளாஸ்ரிக் குவாட்ஸ் மணிக்கூடுதான் அத்தொழிலை நிமிர்த்தியது என்பது ஒரு நகைமுரண்.

இந்த வீழ்ச்சியின்போது நிகழ்ந்த ஒரு செயலை மணிக்கூட்டு ஆர்வலர்கள் இன்றும் சொல்லி மகிழ்வார்கள். லு லொக்ல் என்னும் மலைநகரில் உள்ள செனித் தொழிற்சாலையில் ஷார்ல் வெர்மோ என்ற தொழில்நுட்பர் பணியாற்றினார். 1975 இல் அந்நிறுவனத்தின் அமெரிக்க உரிமையாளர்கள், இனிக் குவாட்ஸ் மட்டுமே, பழைய இயந்திரங்களையும் அச்சுகளையும் அகற்றிவிடுங்கள் என்று உத்தரவிட்டனர். 1969 இல் அறிமுகமான, மணிக்கு 36,000 துடிப்புகள் கொண்ட எல் பிரிமேரோ இயந்திரமும் அதில் அடங்கும். வெர்மோ மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். பயனில்லை. பின்னர் அச்சுகளையும் வெட்டுக்கருவிகளையும் வரைபடங்களையும் யாருக்கும் தெரியாமல் தொழிற்சாலையின் பரணுக்குக் கொண்டுசென்றார். ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி, எது எங்கே இருக்கிறது என்பதைக் குறித்தும் வைத்தார். 1984 இல் மீண்டும் தேவை எழுந்தபோது அப்பரணைத் திறந்து உற்பத்தியைத் தொடங்க முடிந்தது. 1988 இல் ரோலெக்ஸ் தனது டேடோனா மணிக்கூட்டுக்கு அந்த இயந்திரத்தையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. வெர்மோ அன்று செய்தது ஒரு கைவினைஞரின் வேலை மட்டுமன்று. அது ஓர் ஆவணக்காப்பாளரின் வேலையுமாகும். 1981 இல் நூலகம் எரிந்த ஊரைச் சேர்ந்த எனக்கு அதன் அருமை நன்கு விளங்குகிறது.

பற்றரி இல்லாத ஊரில்

உலகமெங்கும் குவாட்ஸ் வென்றது. எங்கள் ஊரில் அது தோற்றது.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையின் கீழ் கொண்டுவரக்கூடாதென விதிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் எரிபொருளோடு பற்றரி வகைகளும் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கெரித்தோம். நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். என் கையில் இருந்த குவாட்ஸ் மணிக்கூடு 1991 இல் ஒருநாள் பிற்பகல் நின்றது. அதற்குரிய பொத்தான் பற்றரியைத் தேடிக் கடைகடையாக அலைந்தேன், கிடைக்கவில்லை. வகுப்பில் நண்பர்கள் பலருடைய மணிக்கூடுகளும் ஒவ்வொன்றாக நின்றன. சிலர் நின்ற மணிக்கூட்டையே அழகுக்காகக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

வீடுகளின் அலுமாரிகளிலிருந்து பழைய சாவி மணிக்கூடுகள் வெளியே வந்தன. எங்கள் வீட்டில் அப்பாவின் ரோமர்தான் நேரத்துக்கு ஒரே ஆதாரம். காலை ஆறு மணிக்கு அவர் சாவி கொடுக்கும் மெல்லிய ஒலி கேட்கும். டைனமோ வானொலியில் செய்திக்கு முந்திய நேர அறிவிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். அயல்வீட்டுப் பிள்ளைகள் வேலியோரம் வந்து, "மாஸ்ரர், நேரம் என்ன?" என்று கேட்டுப் போவார்கள். சூரிச்சிலும் டோக்கியோவிலும் பழையது என்று கழிக்கப்பட்ட தொழில்நுட்பம் எங்கள் ஒழுங்கையில் புதுவாழ்வு பெற்றிருந்தது. தொழில்நுட்பத்தின் வெற்றி தோல்வியை அதன் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை, அதற்குத் தேவையானது வந்துசேரும் பாதையும் தீர்மானிக்கிறது என்பதை நான் நூலில் படித்து அறியவில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தார்கள். நாங்களும் நாவற்குழி வழியே தென்மராட்சிக்கு நடந்தோம். கொட்டும் மழை. அப்பாவின் மணிக்கூட்டுக் கண்ணாடியில் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தது. மழைநீர் உள்ளே இறங்கியது. மறுநாள் மணிக்கூடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஈரம் காய்ந்தபோது வெள்ளி நிற முகப்பில், ஏழுக்கும் எட்டுக்கும் இடையில், பிறை வடிவில் பழுப்புக் கறை ஒன்று படிந்துவிட்டது.

நான் செய்த பிழை

1997 இல் கொழும்புக்கு வந்து பத்திரிகை ஒன்றில் சேர்ந்தேன். பெற்றோரும் பின்னர் வந்து சேர்ந்தனர். முதல் சில மாதச் சம்பளத்தில் அப்பாவை மகிழ்விக்க ஏதாவது செய்யவேண்டும் என்று எண்ணி, அவருக்குச் சொல்லாமல் ரோமரை ஒரு திருத்துநரிடம் கொண்டுசென்றேன். "புதிதுபோல் ஆக்கித் தாருங்கள்" என்றேன். அவர் நான் கேட்டதைத்தான் செய்தார். இரண்டு வாரம் கழித்து மணிக்கூடு பளபளவென்று வந்தது. முகப்பு சுரண்டப்பட்டுப் புதுவர்ணம் பூசப்பட்டிருந்தது. எழுத்துகள் முன்னதைவிடச் சற்றுத் தடித்திருந்தன. கறை இல்லை.

அப்பா அதனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பெருவிரலால் ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் தடவினார். பிறகு, "நல்லாயிருக்குத் தம்பி. ஆனா இது என்ர மணிக்கூடு இல்லை" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. 2004 இல் அவர் காலமாகும் வரை தினமும் அதைக் கட்டினார். அந்த இரவைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே கிடையாது. பேசாத மனிதர் கையில் வைத்திருந்த ஒரே குறிப்பை நான் பணங்கொடுத்து அழித்துவிட்டேன் என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

மணிக்கூட்டைப் படித்தல்

அதன் பிறகே நான் பழைய மணிக்கூடுகளை வாங்கத் தொடங்கினேன். வரலாறு படித்தவனுக்கு அவை ஆவணங்கள். சீக்கோவின் பின்மூடியில் உள்ள ஆறு இலக்க எண்ணில், முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் இறுதி இலக்கம், இரண்டாவது மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை அருகிலுள்ள இயந்திர எண்ணைக் கொண்டு தெளியலாம். பழைய ஸ்விஸ் மணிக்கூடுகள் சிலவற்றின் முகப்படியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் 'ரி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். இருளில் ஒளிர்வதற்குத் ரிற்றியம் பூசப்பட்டது என்பதன் அடையாளம் அது. அதற்கும் முந்தியவற்றில் பூசப்பட்டது ரேடியம். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் தூரிகை நுனியை உதட்டால் கூராக்கி அதனைப் பூசிய இளம்பெண்கள் 1920களில் தாடை அழுகி மாண்டனர். ஒளிர்வு மங்கினாலும் ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் செல்லும். எனவே அவ்வகை மணிக்கூடுகளை வீட்டில் திறக்கவோ சுரண்டவோ கூடாது.

ஆவணம் என்றால் போலியும் உண்டு. இந்தியாவின் எச்.எம்.டி. இதற்குத் தக்க உதாரணம். அரச நிறுவனமான அது, ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961 இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. 'ஜனதா' போன்ற அதன் சாவி மணிக்கூடுகள் இந்தியச் சாமானியரின் கைகளில் பல பத்தாண்டுகள் ஓடின. டாட்டா நிறுவனமும் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984 இல் உருவாக்கிய டைட்டன், ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து குவாட்ஸ் மணிக்கூடுகளை விற்கத் தொடங்கியபின் எச்.எம்.டி. தளர்ந்தது. 2016 ஜனவரியில் அதன் கடிகாரப் பிரிவை மூட இந்திய அமைச்சரவை அனுமதி வழங்கியது. மூடல் செய்தி பரவியதும் வாங்குவோர் முண்டியடித்தனர். தேவை கூடியதும், பல மணிக்கூடுகளின் பாகங்களை ஒன்றுசேர்த்து, நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத நீலமும் செம்மஞ்சளுமான முகப்பு வர்ணம் பூசி விற்பதும் கூடியது. சேகரிப்பாளர்கள் இத்தகையவற்றை 'மும்பாய் ஸ்பெஷல்' என்பார்கள். நானும் தொடக்கத்தில் இரண்டு வாங்கி ஏமாந்தேன். முகப்பின் நிமிடக் கோடுகள் கோணலாக இருப்பதும், எழுத்தின் ஓரம் மையூறியதுபோல் இருப்பதும், அடியில் இருக்கவேண்டிய சிற்றெழுத்துகள் காணாமற்போயிருப்பதும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். ஐம்பது ஆண்டு பழைய மணிக்கூடு நேற்றுச் செய்ததுபோல் மின்னினால் சந்தேகப்படுங்கள்.

இரண்டு நேரம் காட்டிய நாடு

ஆனால் எல்லாவற்றையும் மணிக்கூடு சொல்லிவிடும் என்றும் எண்ணக்கூடாது. 1996 மே மாதம், வறட்சியால் ஏற்பட்ட மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை அரசு நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே தொடர்ந்தது. 2002 இல் ஏ9 பாதை திறக்கப்பட்டபின் செய்தி சேகரிக்க அவ்வழியே பலமுறை சென்றேன். ஓமந்தையில் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னே திருப்பவேண்டும். முகமாலை கடந்து யாழ்ப்பாணம் செல்லும்போது மீண்டும் முன்னே திருப்பவேண்டும். கிளிநொச்சியில் ஒன்பது மணிக்குச் சந்திப்பு என்றால் எந்த ஒன்பது என்று கேட்கவேண்டியிருந்தது. 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டையொட்டி, நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அதே ஆண்டு ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. ஒரே நேரம் காட்டத் தொடங்கிய நாட்டில் போர் மீண்டும் மூண்டிருந்தது.

அந்தப் பயணங்களில் நான் கட்டியிருந்த சீக்கோ 5 இன்னும் ஓடுகிறது. அத்தனை முறை திருப்பியதற்கான தடயம் எதுவும் அதில் இல்லை. ஆகவேதான், மணிக்கூட்டோடு அதன் கதையையும் எழுதி வைக்கவேண்டும் என்கிறேன்.

நண்பருக்குச் சொல்ல நினைத்தவை

சாவி மணிக்கூட்டுக்குத் தினமும் ஒரே நேரத்தில், இறுக்கம் தெரியும்வரை சாவி கொடுங்கள். இறுகியபின் வலிந்து திருகாதீர்கள். திகதி காட்டும் மணிக்கூட்டில் இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில் திகதியை மாற்றவேண்டாம், பற்சக்கரம் உடையக்கூடும். திடீரென நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தினால் காந்தம் ஏறியிருக்கலாம். திருத்துநர் சில விநாடிகளில் அதனை நீக்கிவிடுவார். நீர்புகாதது என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் பொறிக்கப்பட்ட சொல்லை நம்பி மழையில் நனையாதீர்கள். எங்கள் நாடுகளின் ஈரப்பதன் முகப்புக்குப் பகை, ஆதலால் ஈரம் உறிஞ்சும் சிறுபையோடு பெட்டியில் வையுங்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி எண்ணெய் இடுவியுங்கள். காய்ந்த எண்ணெயோடு ஓடும் மணிக்கூடு தன்னைத்தானே தேய்த்துக்கொள்கிறது.

திருத்துநரிடம் கொடுக்கும்போது மூன்று வரிகளை எழுதிக் கொடுங்கள். முகப்பில் கைவைக்கவேண்டாம். கூட்டைத் தீட்டி மினுக்கவேண்டாம். மாற்றிய பாகம் எதுவாயினும் திருப்பித் தாருங்கள். இயந்திரத்தைப் பராமரிப்பது வேறு, முகத்தை மாற்றுவது வேறு. முன்னது மணிக்கூட்டை வாழவைக்கிறது. பின்னது அதன் நினைவை அழிக்கிறது.

அப்பாவின் ரோமர் என் லாச்சியில் தனியாக, ஒரு சிறிய பெட்டியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாவி கொடுப்பேன். இன்றும் நாளுக்கு ஒரு நிமிடத்துக்குள்தான் பிசகுகிறது. பெட்டியின் உள்ளே ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் முகப்பின் வட்டத்தை வரைந்து, ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் பிறை வடிவில் பென்சிலால் நிழலிட்டு, '1995 ஒக்டோபர் 30, நாவற்குழி, மழை' என்று எழுதியிருக்கிறேன். மூலம் அழிந்தபின் எழுதிய பிரதிதான். அதற்குமேல் என்னால் செய்யக்கூடியது எதுவுமில்லை. என் நண்பரிடம் இன்னும் மூலமே இருக்கிறது.